குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா? பழங்குடி ஊர்களில் குடிநீரும் வைத்தியமும்

அடிபம்புக்குக் கீழே, தரைக்குள் இருபது முப்பது மீட்டர் ஆழத்தில், ஒரு சிலிண்டர் இருக்கும். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் சின்னக் கிண்ணம் போல ஒரு வாஷர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது தேய்ந்துபோனால் கைப்பிடியை எத்தனை தடவை அடித்தாலும் காற்றுதான் வரும்.

1970களில் இந்தியாவில் உருவாகி உலகம் முழுக்கப் போன ‘இந்தியா மார்க் 2’ பம்பில் இந்த வாஷரை மாற்ற வேண்டுமென்றால், சிலிண்டரோடு சேர்த்து மொத்தக் குழாயையும் நிலத்திலிருந்து துண்டு துண்டாக உருவி எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள், நாலைந்து ஆட்கள், ஒரு வண்டி எல்லாம் வேண்டும். வண்டி போகாத ஊர் என்றால்? பம்பு சும்மா நிற்கும், திறப்பு விழாத் தேதியைச் சுமந்துகொண்டு. ஊர்க்காரர்கள் பழையபடி ஓடைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கணக்கெடுப்புத் தாளில் மட்டும் அந்த ஊருக்கு ‘குடிநீர் வசதி உண்டு’.

அப்புறம் மார்க் 3 வந்தது. அதில் குழாயைக் கழற்ற வேண்டாம், பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே இழுத்துவிடலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் ஊருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். தண்ணீர் அதேதான், கிணறும் அதேதான். ரிப்பேர் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது.

பழங்குடிச் சமூகங்களுக்குச் சுத்தமான தண்ணீரும் மருத்துவமும் போய்ச் சேர்வது பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். திட்டம், நிதி, இலக்கு என்று பெரிய பெரிய சொற்களாக வரும். எனக்கு இதெல்லாம் கடைசியில் அந்த வாஷரில்தான் வந்து நிற்கிறது என்று தோன்றுகிறது. தண்ணீரானாலும் சரி, வைத்தியமானாலும் சரி, ஒரு தடவை கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு வரும் சாமான் கிடையாது. தினமும் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை. அந்த யாரோ ஒருவர் அந்த ஊரைச் சேர்ந்தவராக, சம்பளம் வாங்குபவராக, ஊர் நம்புபவராக இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் பழங்குடி மக்கள் சுமார் 47.6 கோடிப் பேர், ஏறக்குறைய 90 நாடுகளில். உலக மக்கள்தொகையில் இது 6 சதவீதம்தான். ஆனால் கொடிய வறுமையில் வாழ்பவர்களை மட்டும் எண்ணினால் அதில் கிட்டத்தட்ட 19 சதவீதம் இவர்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தானாக வந்ததில்லை.

‘அவர்கள் காட்டுக்குள், மலைமேல், தூரத்தில் இருக்கிறார்கள், அதனால் வசதி போகவில்லை’ என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். தூரம் உண்மைதான். ஆனால் அந்தத் தூரத்துக்கு அவர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்டால் பல இடங்களில் பதில் வேறு மாதிரி வரும்.

கனடாவில் ஷோல் லேக் 40 என்று ஒரு பழங்குடிச் சமூகம் இருக்கிறது. அவர்கள் ஏரியிலிருந்துதான் வினிப்பெக் நகரத்துக்கு 1919 முதல் குடிநீர் போகிறது, சுமார் 150 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக. அந்தக் கால்வாய் வேலைக்காக அவர்கள் நிலம் எடுக்கப்பட்டது. அவர்கள் ஒதுங்கிய முனையையும் ஒரு வாய்க்கால் வெட்டித் துண்டித்ததில் அது தீவாகிப் போனது. நகரத்துக்கு நல்ல தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஏரியின் சொந்தக்காரர்களுக்கோ 1997 முதல் ‘கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கை. சாலை 2019-இல்தான் வந்தது. 2021-இல் சுத்திகரிப்பு நிலையம் திறந்த பிறகுதான் எச்சரிக்கை நீங்கியது. இருபத்து நாலு வருஷம்! வறண்ட நாடும் இல்லை, ஏழை நாடும் இல்லை. அதனால்தான் இந்த உதாரணத்தைச் சொல்கிறேன். வறுமை, தூரம், அறியாமை என்று சுலபமாக முடித்துவிட முடியாத கதை இது.

‘வசதி உண்டு’ என்றால் என்ன அர்த்தம்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து தண்ணீர் நிலவரத்தை அளக்க ஒரு ஏணி வைத்திருக்கின்றன. கடைசிப் படியில் ஆறு, ஓடை, குட்டையிலிருந்து நேராக மொண்டு குடிப்பது. அதற்கு மேல் மூடியில்லாத கிணறு, பாதுகாப்பில்லாத ஊற்று. அதற்கு மேல் நல்ல கிணறோ குழாயோ இருக்கிறது, ஆனால் போய் வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரை மணிக்குள் முடிந்தால் ‘அடிப்படை வசதி’. மேல்படி, வீட்டு வளாகத்திலேயே, வேண்டும்போது, கிருமியோ ரசாயனமோ கலக்காமல் வருவது. இந்த மேல்படியில் இல்லாதவர்கள் உலகில் 200 கோடிக்கும் மேல்.

அந்த அரை மணிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இருபது லிட்டர் கேன் ஒன்றின் எடை, தண்ணீரோடு இருபது கிலோவுக்குக் குறையாது. ஐந்து பேர் வீட்டில் தலைக்கு இருபது லிட்டர் என்று வைத்தாலே, குடிக்க, சமைக்க, கை கால் கழுவ மட்டும்தான் அது போதும், ஐந்து நடை. நடைக்கு அரை மணி என்றால் இரண்டரை மணி நேரம் போச்சு. அதுவும் மேட்டில் ஏறி, ஈர வழியில், தலையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு. வீட்டில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் இந்த வேலை பெண்கள் தலையில்தான். அப்படியிருக்க அவர்கள் என்ன செய்வார்கள்? நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் குடிக்கிற தண்ணீர் குறையாது, கழுவுகிற தண்ணீர்தான் குறையும். நோய் வருவது இங்கேதான்.

அழுக்குத் தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை, போதாத தண்ணீரும்தான்

நானும் ரொம்ப நாள் தண்ணீரால் வரும் நோய் என்றால் காலரா, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிருமி கலந்த தண்ணீரைக் குடித்தால் வரும், வடிகட்டினால் போகும், அவ்வளவுதான் என்று. டேவிட் பிராட்லி என்ற மருத்துவர் 1970களில் இதை வேறு மாதிரி பிரித்தார். குடிக்கிற தண்ணீர் வழியாக வருவது ஒரு வகை. கழுவத் தண்ணீர் போதாததால் வருவது இன்னொரு வகை. தண்ணீரில் வாழும் உயிர் வழியாக வருவது மூன்றாவது, நத்தைக்காய்ச்சல், கினிப்புழு மாதிரி. தண்ணீரை ஒட்டி வளரும் கொசு, பூச்சி கடித்து வருவது நான்காவது, மலேரியா மாதிரி.

இதில் இரண்டாவது வகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சொறி, சிரங்கு, கண்நோய், பாதி வயிற்றுப்போக்குகூட அதில்தான் வரும். ட்ரக்கோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கண்ணில், மூக்கில் வடிவதைத் தொட்ட கை, துணி, ஈ வழியாக இன்னொரு குழந்தைக்குப் பரவும் கிருமி. ஒரு தடவை வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பாகி, வருஷக்கணக்கில் இமை உள்ளே மடங்கி, முடி கருவிழியை உரச ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும். கடைசியில் பார்வை போய்விடும். மற்றப் பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் இந்த நோய் ஒழிந்த பிறகும் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குடியிருப்புகளில் நீடித்தது. மருந்து இருக்கிறது, அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் குழந்தையின் முகத்தைக் கழுவ வீட்டில் தண்ணீர் வராவிட்டால் மருந்து கொடுத்த சில மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

அலாஸ்காவிலும் இதே கதை, வேறு உறுப்பில். அங்கே வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத பழங்குடிக் கிராமங்களில், இருக்கிற கிராமங்களைவிட நிமோனியாவும் தோல் தொற்றும் அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது. நுரையீரலுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கை கழுவுவதுதான் சம்பந்தம். தண்ணீரைச் சுமந்து வரும் வீட்டில் ஒரே பாத்திரத் தண்ணீரில் எல்லோரும் கை முக்குவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

கொதிக்க வைத்தால் போதுமா?

கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி, 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம். விறகு யார் கொண்டு வருவது என்பது தனிக் கேள்வி.

ரசாயனத்துக்குப் போதாது. ஆர்செனிக், ஃபுளோரைடு, பாதரசம், யுரேனியம் எதையும் தீயால் ஒன்றும் செய்ய முடியாது. சொல்லப்போனால் தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் இன்னும் செறிவாகிவிடும். பழங்குடி நிலங்களில் இந்தப் பிரச்சினை கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு, சுரங்கமும் ஆலையும் அங்கேதான் போய் உட்கார்ந்தன. கனடாவின் கிராஸி நேரோஸ் மக்கள் மீன் பிடித்த ஆற்றில், மேலே இருந்த காகித ஆலையிலிருந்து 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் கொட்டப்பட்டது. மீனில் ஏறியது, மீன் தின்றவர்கள் நரம்பில் ஏறியது. அமெரிக்காவில் நவாஹோ மக்களின் பகுதியை ஒட்டிய சர்ச் ராக்கில் 1979-இல் யுரேனியக் கழிவு அணை உடைந்து ஆற்றில் கலந்தது. பிரேசிலில் யானோமாமி நிலத்தில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்கள் பாதரசத்தையும் மலேரியாவையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள், 2023 ஜனவரியில் அரசு அங்கே சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டி வந்தது.

இங்கெல்லாம் போய் ‘கை கழுவுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டினால் அந்த மக்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள். அதனால் எந்த ஊரிலும் முதல் வேலை, தண்ணீரில் இருப்பது என்ன என்று பார்ப்பது. கிருமிக்கு ஒரு வழி, ரசாயனத்துக்கு வேறு வழி. பல சமயம் ரசாயனத்துக்கு ஒரே நல்ல வழி, வேறு இடத்துத் தண்ணீரைக் கொண்டுவருவதுதான்.

மூன்று பாட்டில் சோதனை

கிருமி இருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு சின்ன பாட்டில், உள்ளே மருந்து தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு. தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். மலக்கழிவு கலந்த தண்ணீர் என்றால் பாட்டில் கறுப்பாகிவிடும், அழுகிய முட்டை வாடை வரும். முழுத் துல்லியம் கிடையாது, ஆனால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் சோதனை.

இதை மூன்று பாட்டிலில் செய்வது நல்லது. ஒன்றில் பம்பிலிருந்து நேராகப் பிடித்தது, இன்னொன்றில் அதே தண்ணீரைக் கேனில் தூக்கி வந்த பிறகு, மூன்றாவதில் வீட்டுப் பானையில் ஒரு ராத்திரி இருந்தது. முதல் பாட்டில் தெளிவாக இருக்க, மூன்றாவது கறுப்பாகிப் போவது அடிக்கடி நடக்கும். நல்ல தண்ணீர் வழியில் கெட்டுப்போனது. எப்படி? அகன்ற வாய்ப் பானை, கைப்பிடி இல்லாத டம்ளர், டம்ளரோடு சேர்ந்து முங்கும் விரல்.

தீர்வு சுவாரசியமே இல்லாதது. குறுகலான வாய், மூடி, கீழே ஒரு திருகு குழாய் உள்ள பாத்திரம். கை உள்ளே போக வழி இல்லாவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குக் குளோரின். சரியான அளவில் போட்டு அரை மணி நேரம் விட வேண்டும், குடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும், அப்போதுதான் அப்புறம் விழும் கிருமியையும் கொல்லும். ஒரு சோதனை மாத்திரையைக் கலந்தால், குளோரின் மிச்சம் இருப்பதைத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும் கிட் இதற்கு இருக்கிறது.

ஆனால் குளோரின் வாடை. ஊற்றுத் தண்ணீரின் ருசி பழகியவர்களுக்கு அது மருந்து குடிப்பது மாதிரி. ‘தண்ணியைக் கெடுத்துட்டாங்க’ என்று சொல்லி ஓடைக்கே திரும்பிப் போன ஊர்கள் உண்டு. அதை அறியாமை என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, எந்த அளவுவரை நாக்கு பொறுக்கிறது என்று ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பார்ப்பது, இதெல்லாம் மெனக்கெடும் வேலை, அதனால் பலரும் செய்வதில்லை.

பழுதாகும் என்று தெரிந்தே கட்டுவது

ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே எந்த நாளில் போய் எண்ணினாலும் அடிபம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வேலை செய்யாது. கனடாவின் நெஸ்காண்டகா சமூகத்துக்கு 1993-இல் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுத்தார்கள். 1995 பிப்ரவரியில் ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ எச்சரிக்கை வந்தது. முப்பது வருஷம் தாண்டியும் அந்த எச்சரிக்கை அப்படியே இருந்தது. அங்கே பிறந்து, வளர்ந்து, தாங்களும் பிள்ளை பெற்றுவிட்டவர்கள் குழாயைத் திறந்து பயமில்லாமல் ஒரு டம்ளர் குடித்ததே இல்லை.

ஏன் இப்படி? கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், ஓட்டுவதற்குக் கிடைக்காது. கட்டுமானம் ஒரு தடவைச் செலவு, பெயர்ப்பலகை வைக்கலாம். குளோரின், மின்சாரம், ஸ்பேர், ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் மாதாமாதம், அதில் பெயர்ப்பலகை எங்கே மாட்டுவது? இன்னொன்று, இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கே காய்ச்சல்.

இதற்கு ஓரளவு வேலை செய்த வழி, சுற்றி வரும் பயிற்சியாளர். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹோண்டுராஸிலும் உண்டு. அனுபவமுள்ள ஒரு தொழில்நுட்ப ஆள் தனக்கென்று சில ஊர்களை வைத்துக்கொண்டு மாறி மாறிப் போய்வருவார். போய் அவரே ரிப்பேர் செய்துவிட்டு வந்துவிட மாட்டார். ஊர் ஆபரேட்டர் பக்கத்தில் நின்று அவர் கையால் செய்ய வைப்பார். நடுராத்திரி போன் வந்தால் எந்த வால்வை முதலில் மூடு என்று சொல்வார். லத்தீன் அமெரிக்காவின் பல கிராமங்களில் ஊரே தேர்ந்தெடுத்த தண்ணீர்க் குழு கட்டணம் வசூலித்து ஆளுக்குச் சம்பளம் கொடுத்து நடத்துகிறது. சண்டையும் நடக்கும், கணக்கும் இடிக்கும். ஆனாலும் குழாய் ஓடும்.

ஆஸ்பத்திரி இருந்தும் ஏன் வரவில்லை?

தண்ணீர்க் கதையை அப்படியே வைத்தியத்துக்கு மாற்றிப் போடலாம். கட்டடம் இருக்கும், நோயாளி இருப்பார், இரண்டும் சந்திக்காது. பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள் இதை மூன்று தாமதங்கள் என்பார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். வழியில் ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. சாலையும் ஆம்புலன்சும் நடுவில் இருப்பதை மட்டும் குறைக்கும்.

முதல் தாமதம் பெரும்பாலும் மூன்றாவதால் வருகிறது. போன தடவை போனபோது நடந்ததை யாரும் மறப்பதில்லை. பாஷை புரியாத நர்ஸ், எதற்குக் கையெழுத்து என்று சொல்லாமல் நீட்டிய தாள், ‘ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க’ என்ற அதட்டல், வாசலிலேயே நிறுத்தப்பட்ட பாட்டி. இவ்வளவும் ஒரு பெண்ணுக்கு நடந்தால் அவள் தங்கை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள்.

பெருவின் அயகூச்சோ பகுதியில் சாந்தில்லானா என்ற மாவட்டம். அங்கே கெச்சுவா மொழி பேசும் பெண்கள் குந்தியோ, மண்டியிட்டோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டோ பிள்ளை பெறுவது வழக்கம். சுகாதார நிலையத்திலோ மேஜையில் மல்லாக்கப் படுக்க வேண்டும், கணவனும் மருத்துவச்சியும் வெளியே. 1999-இல் அங்கே சுகாதார நிலையத்தில் நடந்த பிரசவம் 6 சதவீதம். பிறகு ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசி மாற்றினார்கள். கட்டில் இருந்த அறையில் கயிறும் ஒரு பெஞ்சும் வந்தன. குடும்பத்தார் உள்ளே வரலாம், மருத்துவச்சியும் கூட நிற்கலாம், கெச்சுவாவில் பேச வேண்டும். 2007-இல் அது 83 சதவீதம். இதில் விலை உயர்ந்த சாமான் எது என்று தேடிப் பாருங்கள். ஒரு கயிறு.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி இன்னொரு முனையிலிருந்து பிடித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பதற்குப் பதிலாக வைத்தியத்தை வீட்டுக்கே அனுப்பினார்கள். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க, எடை பார்க்க, சூடாக வைத்திருக்க, தொற்றின் அறிகுறி தெரிந்தால் ஊசி போடக்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். 39 கிராமங்களில் மூன்றே வருஷத்தில் பிறந்த குழந்தை இறப்பு, ஒப்பிட்ட கிராமங்களோடு பார்க்கையில், சுமார் 62 சதவீதம் குறைந்தது. அதிகம் படிக்காத பெண் கையில் ஊசியா என்று அன்றைக்குப் பலர் முகம் சுளித்தார்கள். இன்று இந்தியாவின் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்கும் முறை அதிலிருந்து வந்ததுதான்.

அலாஸ்காவில் இது இன்னும் பழையது. காசநோய் மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்த கிராமத் தன்னார்வலர்களில் தொடங்கி, 1968-இல் சம்பளத்தோடு கூடிய முறையான வேலையானது. சாலையே இல்லாத கிராமத்தில் அந்தக் கிராமத்துப் பெண்ணோ ஆணோதான் முதல் வைத்தியர். கையில் படிப்படியாக வழிகாட்டும் ஒரு கையேடு, தூரத்தில் ரேடியோவிலோ போனிலோ ஒரு டாக்டர். ‘சம்பளத்தோடு’ என்பதை அழுத்திப் படியுங்கள். உலகம் முழுக்கச் சமூக சுகாதாரப் பணியாளர்களைச் சேவை மனம், தியாகம் என்று புகழ்ந்துவிட்டு ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறை கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. டாக்டரிடம் யாரும் தியாகம் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்களே தங்கள் கிளினிக்கைத் தொடங்கினார்கள், நிர்வாகமும் அவர்களே. இன்று அப்படி 140-க்கும் மேல். டாக்டர் யாராகவும் இருக்கட்டும், அவரை வேலைக்கு எடுப்பதும் தேவைப்பட்டால் அனுப்புவதும் ஊர்.

இரண்டும் சேரும் இடம்

ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால் வந்த நோய், அதற்கு மருந்தும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல், இல்லாத நேரத்துக்கு இது. பத்துப் பதினாலு நாள் ஜிங்க் மாத்திரையும் சேர்த்தால் இன்னும் நல்லது. 1971-இல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் தீர்ந்துபோன நிலையில் திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பெரிய டிரம்களில் வைத்து, குடும்பத்தாரையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. மருத்துவர் கையிலிருந்த வைத்தியம் அம்மா கைக்குப் போனபோது நடந்தது அது.

ஆனால் அந்த ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டுமே. அதனால்தான் குடிநீர்த் துறை ஒரு பக்கம், சுகாதாரத் துறை ஒரு பக்கம் என்று தனித்தனி ஜீப்பில் வந்துபோவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். கினிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள், குட்டைத் தண்ணீரோடு உடம்புக்குள் போய் வளர்ந்து, பெரும்பாலும் கால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் புழு. 1986-இல் வருஷத்துக்கு 35 லட்சம் பேர். தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளியே வருகிறவர் கால்களைக் குட்டையில் வைக்காமல் பார்த்துக்கொள்வது, ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து உடனே சொல்வது. இப்போது உலகம் முழுக்க மனிதர்களில் வருஷத்துக்கு இருபது பேருக்கும் கீழே.

கேட்டுவிட்டுச் செய்வது

சுத்தமான தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் போட்டது. அதற்கு முன்னால் 2007-இல் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம். பாரபட்சமில்லாத மருத்துவமும் வேண்டும், தங்கள் சொந்த வைத்திய முறையை வைத்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே பிரிவில், 24-இல், வைத்திருக்கிறது அது. தங்கள் நிலத்தில் எது செய்வதானாலும் முன்கூட்டியே, முழு விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் கேட்க வேண்டும் என்ற கொள்கையும் அதில்தான். காகிதத்தில் இருப்பது ஊருக்கு வர நேரமாகும், ஆனால் வழக்குப் போடுபவர்களுக்கு அந்தக் காகிதம் பயன்படுகிறது.

கேட்பது என்பது கூட்டம் போட்டுக் கைதூக்கச் சொல்வது மட்டும் இல்லை. எந்த ஊற்றை ஊர் புனிதமாக வைத்திருக்கிறது, பெண்கள் பகலில் எந்த வழியில் போகமாட்டார்கள், கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும், எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பொறியாளர் வரைபடத்தில் அது இருக்காது.

இன்னொரு தொல்லை, திரும்பத் திரும்ப வரும் சர்வே. நோட்டோடு வருவார்கள், கேள்வி கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி வீடுகளை ஆராய்ந்த ஒரு குழு, கட்டடக் கலைஞர் பால் போலரோஸ் அதில் முக்கியமானவர், இதற்கு ஒரு விதி வைத்தது: சரிசெய்யாமல் சர்வே கிடையாது. குழுவில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்களே, கூடவே பிளம்பரும் எலக்ட்ரீஷியனும். வீட்டுக்குள் போய் ஒவ்வொரு குழாயையும் சுவிட்சையும் சோதிப்பார்கள், பழுதானதை அன்றைக்கே பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்ததில், குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஷவர் வேலை செய்தது மூன்றில் ஒரு பங்கு வீட்டில்தான். ‘அவங்களே உடைச்சுப் போட்டுட்டாங்க’ என்றுதான் அதுவரை ஊர் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் தவறாகப் பயன்படுத்தி உடைந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு, கட்டும்போதே ஒழுங்காகக் கட்டாதது. மிச்சமெல்லாம் யாரும் பராமரிக்காததால் போனவை, ஒரு குழாய் வாஷர், ஒரு வால்வு, தளர்ந்த ஒரு ஒயர் மாதிரி. அவர்கள் தாளில் எந்த வீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியவற்றில் மின்சாரம் ஆளைக் கொல்லாமல் இருக்கிறதா என்பது ஒன்று, அதற்கடுத்தது ஒரு சின்னக் குழந்தையைக் குளிப்பாட்ட முடிகிறதா என்பது. முடியவில்லை என்றால் பிளம்பர் பெட்டியைத் திறந்துவிட்டுத்தான் அடுத்த கேள்வி.